அண்டாக் கழுத்தில் வெட்டிய எடை

வாயில் மென்றுகொண்டிருப்பதை விழுங்கிவிட்டு வாருங்கள். இந்தக் கதையில் சிரிக்கிற இடம் ஒன்றிரண்டு வரும். புரையேறினால் என்னைக் குறை சொல்லக் கூடாது. பிள்ளைகள் முன்னால் வரட்டும். பெரியவர்கள் பின்னால் உட்காரட்டும், ஆனால் தூங்கக் கூடாது. கதை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

செம்பு கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், ராஜா காலையில் குதிரையேறி நாடு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சோறு ஆறுவதற்குள் அரண்மனைக்குத் திரும்பிவிடுவார். சின்ன ராஜ்ஜியம் என்றாலும் நல்ல ராஜ்ஜியம். அங்கே கல்யாணத்துக்குக் குறைவே இல்லை.

அந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒரு வணிகர் இருந்தார். கல்யாண வீடுகளுக்கு அண்டாவை வாடகைக்கு விடுவதுதான் அவருடைய தொழில். உள்ளே ஈயம் பூசிய மூன்று செம்பு அண்டாக்கள் அவரிடம் இருந்தன. பெரியது சோற்றுக்கு, அடுத்தது குழம்புக்கு, சின்னது பாயசத்துக்கு. அவருக்கும் அவர் மனைவி செண்பகத்துக்கும் பிள்ளை இல்லை. அதனால் அந்த மூன்று அண்டாக்களையும் மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார். அண்டாக்கள் வெளியே போயிருக்கும் நாளில் யாராவது வந்து கேட்டால், "பிள்ளைக கல்யாணத்துக்குப் போயிருக்கு" என்பார். கேட்டவர் முழிப்பார். இவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

அண்டா வாங்கிய அன்றைக்கே ஒவ்வொன்றின் கழுத்திலும் தன் பெயரையும் அதன் எடையையும் உளியால் வெட்டி வைத்தார். அது அந்தப் பக்கத்து வழக்கம். பாத்திரம் மாறிப் போனால் பெயர் சொல்லும். விற்கப் போனால் எடை சொல்லும். மூத்தவள் கழுத்தில் "ஆவுடையப்பன், மூன்று மணங்கு" என்று ஆழமாக, அழகாக வெட்டியிருந்தது. விரலை வைத்தால் நகம் சிக்கும்.

கல்யாணம் முடிந்து வரும் அண்டாக்களைத் தேய்க்கிற வேலை பேச்சியுடையது. பெயர்தான் பேச்சி, பேச்சே கிடையாது. ஒரு கை புளி, ஒரு கை மணல், கொஞ்சம் தேங்காய் நார் இவற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். கரியேறிக் கறுத்துப் போன அண்டா, அவள் கையிலிருந்து வரும்போது இப்போதுதான் பிறந்தது போலச் சிவந்திருக்கும்.

ஆவுடையப்பனுக்கு அதுவும் போதாது.

"பேச்சி, என் மொகம் தெரியணும் தாயி" என்பார்.

அவள் மறுபடியும் தேய்ப்பாள். பிறகு அவர் மூத்தவளின் வயிற்றில் தன் முகத்தைப் பார்ப்பார். அண்டா உருண்டையாக இருப்பதால் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரியும். அதைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டு, "இப்ப சரி" என்பார். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் இதே கதைதான்.

இனி அவருடைய கணக்குக்கு வருவோம். கணக்கென்றதும் கொட்டாவி விடாதீர்கள். மிகவும் சின்னக் கணக்குதான், அதிலேதான் ஓட்டை.

வருஷக் கடைசியில் அவர் ஓலையை எடுத்து எழுதுவார். மூன்று அண்டாவின் எடை இவ்வளவு, வாங்கிய விலை இவ்வளவு, அதுதான் முதல். வாடகையாக வந்தது இவ்வளவு. எழுதி முடித்ததும் சத்தமாகச் சொல்லுவார்:

"முதல் அப்படியே இருக்கு. வந்ததெல்லாம் லாபம்!"

ஒரு வருஷம் அந்த லாபத்தில் செண்பகத்துக்குக் கம்மல் செய்து போட்டார். இன்னொரு வருஷம் பித்தளைச் சங்கிலி போட்டு ஒரு பெரிய ஊஞ்சல் மாட்டினார். வேறொரு வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கே விருந்து வைத்தார். அந்த விருந்துக்கும் அதே மூன்று அண்டாக்கள்தான். அதற்குப் பிறகும் பேச்சிதான் தேய்த்தாள். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். கை நிறையச் செலவழிப்பார், வாய் நிறையச் சிரிப்பார். "முதல் அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஊஞ்சலில் ஆடுவார்.

இப்படி ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் பெரிய சேதி வந்தது. ராஜாவின் மகளுக்குக் கல்யாணம்! அண்டா மூன்றும் ஆவுடையப்பன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று ராஜாவே சொல்லி அனுப்பிவிட்டார். ஆவுடையப்பன் தலைகால் புரியாமல் நின்றார்.

அரண்மனைக் கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு சின்னக் கல்யாணம் இருந்தது. அங்கேதான் வினை வந்தது. அடுப்பில் கடைக்குட்டி, அவளுக்குள் சிறுபருப்புப் பாயசம். சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை கிண்டிக்கொண்டே இருந்தார். பாயசம் கொதிக்கவில்லை. விறகைத் தள்ளினார், ஊதினார், விறகுக்காரனைத் திட்டினார். குனிந்து பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது! கடைக்குட்டியின் அடியில் கடுகளவு ஓட்டை. அதன் வழியாகப் பாயசம் சொட்டுச் சொட்டாக இறங்கி, தன்னைக் கொதிக்க வைத்த நெருப்பைத் தானே அணைத்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் பாயசம் இல்லாமல் எழுந்து போனார்கள். பெண் வீட்டார் முகம் வாடி நின்றார்கள். ஆவுடையப்பன் மட்டும் பதறவில்லை.

"இதுக்கு எதுக்கு மொகத்தைத் தூக்கி வச்சிருக்கிய? மூணையும் கன்னாருகிட்ட போட்டுட்டு, அதே எடைக்குப் புதுசா மூணு வாங்கிருவேன். முதல்தான் அப்படியே இருக்கே!" என்றார்.

கன்னார் என்றால் பாத்திரம் அடிக்கிறவர். பழைய செம்பைக் கொடுத்தால் அதே எடைக்குப் புதுப் பாத்திரம் அடித்துத் தருவார்; கூலி மட்டும் வாங்கிக்கொள்வார். ஆவுடையப்பன் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனார். ஓலையில் எழுதிய எடையை அவர் சொல்ல, கன்னார் மூத்தவளைத் தராசில் வைத்தார். மூன்று வீசை குறைந்தது; எட்டு வீசை ஒரு மணங்கு. நடுவுள்ளவளை வைத்தார். இரண்டு வீசை குறைந்தது. கடைக்குட்டியை வைத்தார். ஒரு வீசை குறைந்தது. எல்லாம் சேர்த்தால் கொழுத்த ஆட்டுக்குட்டி ஒன்றின் எடை. அவ்வளவு செம்பைக் காணோம்!

ஆவுடையப்பன் மடியைத் தடவிப் பார்த்தார். குறைகிற செம்புக்கு விலை கொடுத்தால்தான் புது அண்டா வரும். கையில் காசு ஏது? எல்லாம் கம்மலாகவும் ஊஞ்சலாகவும் விருந்தாகவும் போய்விட்டதே. அரண்மனைக் கல்யாணமோ பக்கத்தில் வந்துவிட்டது.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டார். வேறு இரண்டு கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். எல்லாத் தராசும் ஒரே பேச்சைப் பேசின. பிறகு தவசிப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார். ஆனால் நெருப்பும் சோறும் கூட்டமுமாக இருக்கிற இடத்தில் அவர் அண்டாவை எப்படிச் சுரண்டுவார்? பிறகுதான் மனசு போகக் கூடாத இடத்துக்குப் போனது.

அண்டாவோடு தனியாக இருந்தது யார்? ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனது யார்? கையில் செப்புக் காப்பு போட்டிருப்பது யார்?

ஆற்றங்கரைக்குப் போனார். பேச்சி அப்போதும் ஏதோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, ஆறு வீசை செம்பைக் காணோம். நீ என்ன பண்ணின?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் தேச்சேன் அண்ணாச்சி."

"அதைக் கேக்கல. செம்பு எங்க?"

"நான் தேச்சேன். வேற ஒண்ணும் பண்ணல."

"அந்தக் காப்பு ஏது?"

"எங்கம்மா போட்டது."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசத் தெரிந்தவளாக இருந்தால் ஆயிரம் சொல்லியிருப்பாள். பேசாததையே ஆவுடையப்பன் குற்றம் என்று எடுத்துக்கொண்டார். கோபத்தில் இருக்கிற மனுசனுக்கு எது சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். அன்று சாயங்காலமே வழக்கு ராஜாவிடம் போய்விட்டது.

அந்த ராஜ்ஜியத்தில் திருடியவர்களுக்கு ஒரே தண்டனைதான். பொழுது சாய்வதற்குள் நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். திரும்பி வரவே கூடாது. நாடு சின்னது, எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. ஆனால் அப்படிப் போகிறவர்களைத் தெரு முழுக்க நின்று பார்க்கும். பேச்சிக்குச் சொத்து என்று ஒன்றும் இல்லை. நல்ல பேர் ஒன்றுதான் இருந்தது. இப்போது அதுதான் சபைக்கு வந்து நின்றது.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. நடுவில் மூன்று அண்டாக்கள். ஒரு பக்கம் ஆவுடையப்பனும் செண்பகமும். இன்னொரு பக்கம் பேச்சி, தலையைக் குனிந்தபடி. செண்பகம் நேற்றிலிருந்தே புருஷனோடு பேசவில்லை. "பேச்சியையா சொன்னிய?" என்று ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான்.

காவலர்கள் பேச்சியின் குடிசையைச் சோதனை போட்டுவிட்டு வந்திருந்தார்கள். "ஒரு மண்பானை இருக்கு ராஜா. ஒரு பாய் இருக்கு. ஒரு கோழி இருக்கு. கோழி எங்களைக் கொத்திடுச்சு" என்றார்கள். அவள் கைக் காப்பை எடை போட்டார்கள். தராசின் முள் அசைந்தது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது.

ராஜாவின் கணக்கர் வைகுண்டம் எழுந்தார். கணக்கில் புலி. மனுசர்களைத்தான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

"ராஜா, ஓலையில செம்பு இருக்கு. தராசுல இல்ல. நடுவுல தனியாத் தொட்டது இவ ஒருத்தி. வேற யாரு எடுத்திருக்க முடியும்?" என்றார்.

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? பேச்சி அப்போதும் நிமிரவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதைக் காலால் மண்ணில் தேய்த்தாள். பாவம், அப்போதும் தேய்க்கத்தான் தெரிந்தது.

ராஜா பெருமூச்சு விட்டார். தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு முறை இருந்தது. பொருளைப் பறிகொடுத்தவர், அதன் அடையாளத்தைச் சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்ட வேண்டும்.

"ஆவுடையப்பரே, உம்ம அண்டாவுக்கு என்னவே அடையாளம்?"

"கழுத்துல வெட்டியிருக்கு ராஜா. எம் பேரு இருக்கு, எடையும் இருக்கு. மூத்தவ மூணு மணங்கு. நான் சொல்லணும்னு இல்ல, அவ கழுத்தே சொல்லும்."

"அப்ப வாசியும்."

ஆவுடையப்பன் மூத்தவளின் பக்கத்தில் போய்க் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். "வெயில் கண்ணைக் கூசுது" என்றார்.

கணக்கர் வைகுண்டம் வந்து குனிந்தார். "எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கு" என்று சொல்லித் துண்டால் துடைத்தார். துடைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

ராஜாவே இறங்கி வந்தார். அண்டாவின் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். எங்கேயும் நகம் சிக்கவில்லை. கழுத்து குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. நன்றாக உற்றுப் பார்த்தால் ஏதோ ஒரு கோட்டின் நிழல் மாதிரி இருந்தது. அதையும் எழுத்து என்று சத்தியம் செய்ய முடியாது.

ராஜா நிமிர்ந்தார். "ஏன்வே, செம்பை எடுத்தாள்னீரு, சரி. எழுத்தையுமா எடுத்துட்டா? எழுத்தைக் கொண்டுபோனா எந்தக் கடையிலவே வாங்குவான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கணக்கர்கூடச் சிரித்துவிட்டார். ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை அண்டாவின் கழுத்திலேயே இருந்தது. தன் கண் முன்னால் உளி வைத்து வெட்டிய எழுத்து. நகம் சிக்கிய எழுத்து. அது எங்கே போகும்?

மெதுவாகத் திரும்பினார். "பேச்சி, எழுத்து எங்க தாயி போச்சு?"

பேச்சி முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"நான் தேச்சேன் அண்ணாச்சி. மொகம் தெரியணும்னு சொன்னிய. வயித்தையும் தேச்சேன், கழுத்தையும் தேச்சேன். எழுத்து மேலயும்தான் தேச்சேன். நேத்தும் அதைத்தான் சொன்னேன்."

ஆமாம், நேற்றும் அதைத்தான் சொன்னாள். வார்த்தை ஒன்றுதான், கேட்கிற காதுதான் நேற்று வேறாக இருந்தது.

ஆவுடையப்பன் அண்டாவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் மீசை முறுக்கிய ஒவ்வொரு நாளும் அவருக்கு ஞாபகம் வந்தது. கறுப்போடு கறுப்பாகக் கொஞ்சம் செம்பும் ஆற்றில் போயிருக்கிறது. ஒரு நாள் போனது கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் போனது ஆட்டுக்குட்டி எடைக்கு வந்து நிற்கிறது. கழுத்தில் வெட்டிய எடை மாறாது என்று நம்பினாரே, அந்த எழுத்தே இருந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது!

"ராஜா, திருடனைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார்.

"யாருவே?"

"நாந்தான்."

ஆவுடையப்பன் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்த ஊர்ல கல்யாணம் பண்ணின எல்லாரும் எனக்கு வாடகை கொடுத்தாங்க. அந்த வாடகைக்குள்ள கூலி இருந்துச்சு, லாபம் இருந்துச்சு, தேஞ்சு போன செம்போட விலையும் இருந்துச்சு. அதைப் பிரிச்சு எடுத்து வச்சிருந்தா இன்னைக்கு புது அண்டா வாங்கியிருப்பேன். நான் எல்லாத்தையும் லாபம்னு நெனைச்சேன். செம்பைத்தான் ராஜா கம்மலாப் போட்டேன், செம்புலதான் ஊஞ்சல் ஆடினேன், செம்பைத்தான் ஊருக்கு விருந்தாப் போட்டேன். முதல் அப்படியே இருக்குன்னு சொல்லிக்கிட்டே முதலைத் தின்னுட்டேன். தின்னது நான், பழி இவளுக்கு."

ராஜா பேச்சியின் பக்கம் திரும்பினார். நல்ல ராஜ்ஜியம் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

"இதுக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பழி சுமந்தவ சொல்லட்டும். பேச்சி, இவருக்கு என்ன தண்டனை?" என்றார்.

பேச்சி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று அண்டாக்களையும் பார்த்தாள், ஆவுடையப்பனையும் பார்த்தாள். பிறகு நார்க்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள்.

அவள் பேசாமல் போனதை ஆவுடையப்பன் மறுபடியும் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டார். சில பேர் அப்படித்தான், ஒரே நாளில் முழுசாகத் திருந்த மாட்டார்கள். 'போகச் சொல்லிவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டு நேராக நடந்தார். தெரு முழுக்க நின்று பார்த்தது. நாட்டின் எல்லைக் கல் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யாரோ வரும் சத்தம் கேட்டது. பேச்சிதான்.

"அண்ணாச்சி, அரண்மனைப் பாத்திரமெல்லாம் கரையில காயுது. தூக்கி வைக்க ஆளு வேணும்."

"எம் மேல கோவம் இல்லியா தாயி?"

"இருக்கு. நீங்க அந்தக் காப்பு ஏதுன்னு கேட்டிய பாருங்க, நேத்து ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அந்தக் கோவம் சீக்கிரம் போகாது. கோவத்தோடதான் கூப்பிடுதேன். எந்திரிங்க."

அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து எழுந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ரேகை இல்லை. எல்லோருக்கும் ஓடுகிற அந்த மூன்று கோடுகள் அவளுக்குப் பாதியில் நின்று போயிருந்தன. விரல் நுனிகள் அண்டாவின் கழுத்து மாதிரி வழவழவென்று இருந்தன.

"பேச்சி, அண்டா மட்டுந்தான் தேஞ்சுதுன்னு நெனைச்சேனே" என்றார் ஆவுடையப்பன். சொல்லிவிட்டு, எல்லைக் கல்லின் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. செண்பகம் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். ஊஞ்சல் சங்கிலியும் கன்னாரிடம் போனது. ஊஞ்சல் பலகை தரையில் கிடந்தது. ஆவுடையப்பன் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார், அது ஆடவில்லை. புது அண்டாக்கள் மூன்றும் வந்தன. ராஜா மகள் கல்யாணம் ஜோராக நடந்தது. பாயசம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ராஜா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் ஆவுடையப்பன் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. ஒவ்வொரு வாடகை வரும்போதும், லாபத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு காசை எடுத்து ஒரு மண் கலயத்தில் போடுவார். இன்னொரு காசை எடுத்து இன்னொரு கலயத்தில் போடுவார். மிச்சம்தான் அவர் கைக்கு வரும். ஒவ்வொரு வருஷமும் அண்டாக்களைத் தராசில் வைத்து, இருக்கிற எடையை ஓலையில் எழுதுவார். வாங்கிய அன்றைக்கு இருந்த எடையை நம்புவதை விட்டுவிட்டார்.

ஒரு தடவை லாபத்துக்கு வரி வாங்க வந்த கணக்கர் வைகுண்டம் இந்தக் கலயங்களைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன காசு அண்ணாச்சி? லாபத்துல காட்டலியே?"

"அது லாபம் இல்லவே."

"லாபம் இல்லன்னா நஷ்டமா?"

"நஷ்டமும் இல்ல. இந்தக் கலயம் அண்டா தேயுததுக்கு. அந்தக் கலயம் பேச்சி கை தேயுததுக்கு."

கணக்கர் எழுத்தாணியோடு திணறினார். "ஓலையில ஏதாவது பேரு போடணுமே! என்னன்னு எழுத?"

ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தேஞ்சது பாத்திரம். அதைக் கணக்குல எழுதாமப் போனதுனால சபையில நின்னது ஒரு பொம்பளையோட மானம். ரெண்டையும் சேத்து எழுதும்வே. தேய்மானம்."

கணக்கர் எழுதிக்கொண்டார். இலக்கணம் படித்தவர்கள் அந்தச் சொல் இப்படி வந்ததில்லை, அதில் இருப்பது வேறு மானம் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் ஆவுடையப்பன் வீட்டு ஓலையில் அந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம்.

பல வருஷங்கள் கழித்து ஒரு நாள் புதிய கடைக்குட்டியின் அடியிலும் கடுகளவு ஓட்டை விழுந்தது. ஆவுடையப்பன் தராசைத் திட்டவில்லை, தவசிப்பிள்ளையைத் திட்டவில்லை, ஆற்றங்கரைக்கும் ஓடவில்லை. முதல் கலயத்தைக் கவிழ்த்தார், எண்ணினார், கன்னார் கடைக்குப் போனார். சாயங்காலம் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தார்.

அதே வருஷ மழைக்காலத்தில் பேச்சியின் விரல்கள் மடங்க மறுத்தன. நாரைப் பிடிக்க முடியவில்லை. கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இனிமே எனக்கு ஓடாது" என்றாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. வேலை நின்றால் சோறு எங்கிருந்து வரும்?

ஆவுடையப்பன் உள்ளே போனார். இரண்டாவது கலயத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அது அவ்வளவு கனம். செண்பகமும் ஒரு கை பிடித்தாள். அதைப் பேச்சியின் முன்னால் வைத்தார்கள்.

"இது என்னது?" என்றாள் பேச்சி.

"உன் கை ரேகை தாயி" என்றார் ஆவுடையப்பன். "எங்கயும் போகல. இத்தனை வருசமா இங்கதான் சேத்து வச்சிருந்தோம்."

பேச்சி அந்தக் கலயத்தின் மேல் கையை வைத்தாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்த மௌனத்தை ஆவுடையப்பன் சரியாகவே புரிந்துகொண்டார்.

ஆகவே பிள்ளைகளே, தூங்காமல் கேட்ட பெரியவர்களே, நமக்காக உழைக்கிற பொருளும் கையும் நாளுக்கு நாள் தேயும் என்பதை அறிந்து, வரவிலிருந்து அதன் பங்கை முதலில் எடுத்து வைக்காதவன், தன் முதலைத் தானே தின்றுவிட்டுப் பழியைப் பிறர் தலையில் போடுவான்.